786க்கு முன்னால் இரண்டு கோடு

எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அதுவும் என்னை விட்டது. இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. ஆனாலும் கம்பியூட்டர் விஷயத்தில் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. கல்முனையில் சின்னதாய் ஒரு கொமினிகேசன் கடை. போனுக்கு ரீலோட் போடுவேன், போட்டோகொப்பி எடுப்பேன், கல்யாணக் கார்ட் டைப் பண்ணுவேன். இதுக்கு மேல் கம்பியூட்டரில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். (நினைப்புத்தானே.)

மகள் ருஷ்தா அப்போது கம்பஸில் கடைசி வருடம். அங்கே வேலைநிறுத்தம், எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவளுடைய ப்ரொஜெக்டை மறுநாள் பகல் ஒன்லைனில் படிப்பிக்கிற சேர்மாருக்குக் காட்ட வேண்டும். சரிவராவிட்டால் பட்டம் இன்னொரு வருடம் தள்ளிப்போகும். பெட்டி கட்டும்போது லெப்டொப் விழுந்து உடைந்தது. கடைக் கம்பியூட்டர்தான் கதி. அன்று விடியவே பஸ் ஏறியவள், பஸ்ஸில் இருந்தே கோல் எடுத்தாள்.

"வாப்பா, நான் வந்து எல்லாம் போட நேரம் காணா. நீங்க போட்டு வைங்க. நான் சொல்றத மட்டும் செய்ங்க. சொல்லாத ஒண்டையும் செய்ய வாணாம்."

"ஓம்" என்றேன். (அந்த 'ஓம்' இன்றைக்கும் வீட்டில் எனக்குச் சொல்லிக் காட்டப்படுகிறது.)

கம்பியூட்டருக்கு இலக்கணம் சொல்லிக் கொடுக்க என்றே ஒரு மொழி இருக்கிறதாம். அதில் இவள் தமிழுக்கும் சிங்களத்துக்கும் இலக்கணம் எழுதியிருந்தாள். தமிழில் ஒரு வசனம் கொடுத்தால் சிங்களத்தில் வரும். (இத்தனை வருட வியாபாரத்தில் எனக்கு வராத சிங்களம்.) முதலில் அதை எழுதுகிற சொப்ட்வெயாரைப் போட வேண்டும். பிறகு அதற்குள் ஒரு ப்ளகின். அது இருந்தால்தான் எழுதியதற்கு நிறம் வரும், பிழை இருந்தால் காட்டும்.

பக்கத்து மணிக்கூட்டுக் கடை நிசார் மச்சான் பிளேன்டீயோடு வந்து நின்றார்.

"என்ன மச்சான், முகமெல்லாம் வேர்த்திரிக்கி?"

"அவள் சொல்றாள். நான் அமத்துறன்."

"அப்ப இதுல கம்பியூட்டர் ஆரு?"

நியாயமான கேள்விதான்.

ஸ்கிரீனின் இடது பக்கம் நாலு சதுரப் படம். அதை அமத்தி, ப்ளகினின் பெயரைத் தேடி, நீலப் பட்டனை அமத்தினேன். பஸ் மலை வளைவில் இறங்கும்போதெல்லாம் சிக்னல் போகும். மௌஸைப் பிடித்தபடி அசையாமல் இருப்பேன். சொல்லாததைச் செய்யக்கூடாதே.

கடைசியில் செட்டிங்ஸ் ஃபைல். அதில் அவள் எழுத்தெழுத்தாய்ச் சொல்ல, ஒரு வரி அடித்தேன். அவள் போனில் இருந்து ஈமெயிலில் அனுப்பிய ஃபைல்களைத் திறந்தேன்.

"எழுத்து கலர் கலரா வருதா?"

நீலம், பச்சை, மஞ்சள். கல்யாண வீட்டு லைட் மாதிரி.

"வந்திட்டு."

"அல்ஹம்துலில்லாஹ்! கைய எடுங்க வாப்பா. இனி தொடாதீங்க."

எடுத்தேன். ஆனால் கண் அதிலேயே நின்றது. ஃபைலின் தலைப்பு வெறுமையாகக் கிடந்தது. எங்கள் பக்கம் கல்யாணக் கார்ட், கடை பில், லொறி நெற்றி, எல்லாவற்றிலும் பிஸ்மில்லாஹ்வுக்குப் பதிலாக மேலே 786 இருக்கும். தேவையில்லை என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். எனக்குக் கை பழகிவிட்டது. அதுவும் பிள்ளையின் சோதினை. வெறும் தலையோடு எப்படி அனுப்புவது? போட்டேன். எல்லா ஃபைலிலும். செட்டிங்ஸ் ஃபைலை மட்டும் விடுவானேன் என்று அதிலும். சேவ் பண்ணிவிட்டு லுஹர் தொழப் போனேன். மனம் நிறைந்திருந்தது.

ருஷ்தா வந்து, தோள் பேக்கைக் கழற்றாமலே கம்பியூட்டருக்கு முன்னால் குந்தினாள். ஃபைலைத் திறந்தாள். ஒரே சிவப்பு.

"என்ன வாப்பா இது!"

"கலர் கேட்டாய். வந்திரிக்கி."

ப்ளகினைக் கழற்றினாள். திரும்பப் போட்டாள். சிவப்பு போகவில்லை. அதற்குள் நேரம் வந்துவிட்டது. சேர்மார் கட்டம் கட்டமாய் ஸ்கிரீனில் ஏறினார்கள். வேறு வழியில்லை, அவர்கள் பார்க்கப் பார்க்கவே பிழை தேடினாள். நான் பின்னால் நின்றேன். ஃபைலின் தலைப்புக்குப் போனாள். கை நின்றது.

"வாப்பா, இத ஆரு போட்ட?"

"நான்தான்."

"எல்லாத்துலயுமா?"

"ஓம். செட்டிங்ஸ்லயும்."

மைக் திறந்திருந்தது.

"பின்னால் நிற்பது யார்?" என்றார் ஒரு சேர்.

"எங்கட வாப்பா, சேர்."

"அந்த நம்பர் என்னத்துக்கு?"

"வாப்பா கல்யாணக் கார்ட் அடிக்கிறவர், சேர். கை பழக்கம்."

கட்டங்கள் எல்லாம் சிரித்தன. முகம் காட்டாமல் இருந்தவரும் சிரித்தார். வெளியே போகலாம் என்றால் கெமராவுக்கு முன்னால்தான் போக வேண்டும். போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னால் குந்திவிட்டேன். வாசலில் நின்ற நிசார் மச்சான், "மச்சான், காலு தெரியுது" என்றார்.

செட்டிங்ஸில் இருந்ததை அழித்தாள். மற்றவற்றில் என்னவோ டக்டக்கென்று அடித்தாள். சிவப்பு போனது. 'வாப்பா கடையில் ஒளிந்திருக்கிறார்' என்று தமிழில் கொடுத்தாள். சிங்களத்தில் வந்தது. அந்தச் சேர் மறுபடி சிரித்தார். பாஸ்.

அவள் சோறு தின்னப் போனதும் பார்த்தேன். மற்ற ஒவ்வொரு ஃபைலிலும் 786 அப்படியே இருந்தது. முன்னால் இரண்டு சின்னக் கோடு மட்டும் புதிது. அந்தி நேரம் கேட்டேன்.

"அழிச்சிட்டாய் எண்டு நெனச்சன்."

"அந்த ரெண்டு கோடு போட்டா அந்த வரிய மெஷின் வாசிக்காது, வாப்பா. மனுசருக்கு மட்டுந்தான்."

இப்போது அவளுக்குக் கொழும்பில் வேலை. வீட்டில் மிக்ஸி பழுதானாலும் மனைவி முதலில் கேட்பது, "786 போட்டீங்களா?" என்றுதான். ப்ளகின் கடைக் கம்பியூட்டரில் இன்னும் இருக்கிறது. புதுப்பிக்கவா என்று கேட்கும். தொடுவதில்லை.

ருஷ்தாவின் கல்யாணக் கார்டை நான்தான் அடித்தேன். பார்த்துவிட்டு, "முன்னுக்கு அந்த ரெண்டு கோட்டையும் போடுங்க, வாப்பா" என்றாள். போட்டேன். என்ன கோடு அது என்று ஊரே கேட்டது. அச்சுப் பிழை என்றேன்.

அந்தக் கார்ட் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. போன கிழமை இறக்காமத்தில் இருந்து ஒருவர் மகளுக்குக் கார்ட் அடிக்க வந்தார். அதை உற்றுப் பார்த்தார்.

"இந்த ரெண்டு கோடும் வடிவா இரிக்கி, காக்கா. எங்கடதுலயும் போடுங்க."

"ஓம்" என்றேன்.