டிஸ்மிஸ் ஆனதற்கு என்ன அத்தாட்சி?

"தூக்கிட்டாங்கங்கறே. தூக்கின லெட்டர் எங்கே, கண்ணு?" என்று கேட்டார் மாநில அரசு உதவி மையத்தின் நான்காம் நம்பர் ஜன்னலில் இருந்த திருமதி ப்ருஷின்ஸ்கி.

"லெட்டர் ஆபீஸ் இமெயில்ல வந்துச்சு மேடம். ஒரு வாட்டி படிச்சேன். ரெண்டாவது வாட்டி படிக்கறதுக்குள்ள கம்ப்யூட்டரைப் பூட்டிட்டாங்க."

"பிரிண்ட் எடுக்கலையா?"

"எடுத்து ஃபிரேம் போட்டு மாட்டற சமாச்சாரமா அது?"

ரோஸ்கோ டில்மனுக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. இருபத்திரண்டு வருடம் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் நீர்மட்டம் அளந்த மனுஷர். மழை, பனி பார்க்காமல் படகில் போய் அவர் குறித்து அனுப்பிய எண்ணை நம்பித்தான் அத்தனை சரக்குக் கப்பலும் தரை தட்டாமல் உள்ளே வந்தது. அவரைத்தான் மத்திய அரசு 'தேவைக்கு அதிகம்' என்று சொல்லி மூன்று வாரத்துக்கு முன் வீட்டுக்கு அனுப்பியது. அந்த இமெயிலில் அவர் பெயரைக்கூடத் தப்பாக எழுதியிருந்தார்கள்.

மாநில அரசு சும்மா இருக்கவில்லை. கவர்னர் டிவியில் வந்து, "மத்திய அரசு கைவிட்டவங்களை நாங்க கைவிட மாட்டோம்" என்றார். அடுத்த வாரமே இந்த உதவி மையத்தைத் திறந்து, பலூன் கட்டி, காப்பியும் டோனட்டும் வைத்துவிட்டார்கள். துறைமுகத்தில் ஒரு மேற்பார்வையாளர் வேலை காலியாக இருந்தது. படிப்பு வேண்டாம், அனுபவம் வேண்டாம், இன்டர்வியூ வேண்டாம். டிஸ்மிஸ் லெட்டரோடு முதலில் வருகிறவருக்கு வேலை. வெள்ளிக்கிழமை நாலு மணியோடு கெடு முடிகிறது.

ரோஸ்கோவுக்கு அந்த வேலை கிடைத்தே ஆகவேண்டும். அவர் மனைவி வெல்டாவுக்கு அடுத்த மாதம் இடுப்பு மூட்டு ஆபரேஷன். வேலை இல்லாவிட்டால் இந்த மாதக் கடைசியோடு மருத்துவக் காப்பீடும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பழைய ஆபீசுக்குப் போன் போட்டார். "கடிதம் வழங்கும் அதிகாரி தற்போது பணியில் இல்லை. மின்னஞ்சல் அனுப்பவும்" என்றது மெஷின்.

அனுப்பினார். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. 'சென்ற வாரம் நீங்கள் செய்த வேலைகளை ஐந்து வரிகளில் தெரிவிக்கவும்.'

குளிர்காலம் முழுக்க இதே கூத்துதான். வாங்குகிற சம்பளத்துக்கு வேலை செய்கிறோம் என்று காட்ட, மத்திய அரசு ஊழியர்கள் வாரா வாரம் ஐந்து வரி எழுதி அனுப்ப வேண்டும். ரோஸ்கோவுக்குக் கை பழகிவிட்டது. ஆத்திரம் வேறு. உட்கார்ந்து எழுதினார்: 'ஒன்று, லெட்டர் கேட்டேன். இரண்டு, கிடைக்கவில்லை. மூன்று, மறுபடி கேட்டேன். நான்கு, மாநில அரசின் டோனட் தின்றேன். ஐந்து, உங்களையெல்லாம் வாயாரச் சபித்தேன்.'

அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

புதன்கிழமை திருமதி ப்ருஷின்ஸ்கி தன் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினார். "நீ வேலையிலதான் இருக்கே, கண்ணு."

"நானா?"

"விசாரிச்சு எழுதினோம். 'வாராந்திர அறிக்கை வந்துள்ளது, பணியில் உள்ளார்'னு பதில் வந்திருக்கு."

"அந்த அறிக்கையில அவங்களைச் சபிச்சிருக்கேன் மேடம்."

"மெஷின் படிக்காது கண்ணு. அஞ்சு வரி இருக்கான்னு எண்ணும், அவ்வளவுதான். மாடியில நம்ம வக்கீல் இருக்கார், போய்ப் பாரு."

மாடியில் ஹாலிஸ் என்ற வக்கீல் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். ரோஸ்கோ சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் பிரகாசமாகிவிட்டது.

"உங்களை மாதிரி ஆளைத்தான் சார் தேடிக்கிட்டிருந்தேன். மாநில அரசே உங்களுக்காகக் கேஸ் போட்டிருக்கு. நாளைக்குத் தீர்ப்பு. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

நம் சார்பாக ஒருத்தர் பேசுகிறாரே என்ற சந்தோஷத்தில் ரோஸ்கோ படிக்காமலே போட்டுக் கொடுத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஹாலிஸ் போன் செய்தார். "ஜெயிச்சுட்டோம் சார். கையெழுத்துப் போட்ட எல்லாரையும் திரும்ப வேலையில வைக்கச் சொல்லி உத்தரவு."

"எத்தனை நாளைக்கு?"

"பதினாலு நாளைக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க முறைப்படி தூக்கலாம்."

"இன்ஷூரன்ஸ்?"

"அதைப் பத்தி ஜட்ஜ் ஒண்ணும் சொல்லலை சார்."

"அப்ப என் டிஸ்மிஸ் லெட்டர்?"

"எந்த லெட்டர்? உங்களை யாரும் டிஸ்மிஸ் பண்ணவே இல்லைன்னு ஆயிடுச்சே. அதானே நம்ம வெற்றி."

சாயங்காலம் பழைய ஆபீசிலிருந்து ஓர் உத்தரவும் வந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு நேரில் ஆஜராக வேண்டும், வராவிட்டால் ஓடிப்போனதாகக் கருதப்படும்.

வெள்ளிக்கிழமை எட்டுக்கு அஞ்சு நிமிடம் இருக்கும்போதே ரோஸ்கோ போய் நின்றார். கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு, கட்டடம் வாடகைக்கு என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வந்ததற்குச் சாட்சி வேண்டுமே என்று பூட்டோடு சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். மத்தியானம் வரை படியிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு வெல்டாவுக்குப் போன் போட்டார்.

"இன்னுமா அந்தப் பூட்டுக்குக் காவல் காக்கறே?" என்றாள் வெல்டா. "ராஜினாமா பண்ணித் தொலை. வேலையில இல்லைன்னு காகிதம் வேணும், அவ்வளவுதானே. அதை எடுத்துக்கிட்டு அந்த ஜன்னலுக்கு ஓடு."

வெல்டா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். படியில் உட்கார்ந்தபடியே ராஜினாமா அனுப்பினார். அடுத்த நொடி, அரசு முத்திரையோடு 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று கடிதம் வந்து விழுந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஆபீஸ் எதற்கும் இவ்வளவு சுறுசுறுப்பாகப் பதில் போட்டதில்லை. நூலகத்துக்குப் போய் பிரிண்ட் எடுத்து, இரண்டு பஸ் மாறி, நான்காம் நம்பர் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூணே முக்கால்.

திருமதி ப்ருஷின்ஸ்கி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "இது ராஜினாமா, கண்ணு."

"ஆமா மேடம். இப்ப நிஜமாவே வேலை போயிடுச்சு. சீல் பாருங்க."

"தூக்கினவங்களுக்குத்தான் இந்த உதவி. தானா விட்டவங்களுக்குக் கிடையாது."

ரோஸ்கோ அதுவரை யாரிடமும் குரல் உயர்த்தியவர் இல்லை. அன்றைக்கு அந்த ஹால் முழுக்கக் கேட்டது.

"ரெண்டு கவர்மென்ட்டும் சேர்ந்து என்னை என்னதான் பண்ணப் போறீங்க? அவன் என்னைத் தூக்கிட்டு, தூக்கினதை ஒத்துக்க மாட்டேங்கறான். நீங்க காப்பாத்தறேன்னு கிளம்பி வந்து, இருந்த கதியையும் கெடுத்துட்டீங்க. அங்க என் பொண்டாட்டி மாடிப்படி ஏற முடியாம ஹால் சோபாவுல படுத்துக்கிட்டிருக்கா. அவகிட்ட போய் நான் என்ன சொல்றது? உங்க கேஸ் ஜெயிச்சுதுன்னா?"

வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். திருமதி ப்ருஷின்ஸ்கி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மனசைத் தேத்திக்கோ கண்ணு. நீ லெட்டரோட வந்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல. மத்தியானமே அந்த வேலைக்கு ஆள் எடுத்தாச்சு. உங்க ஆபீஸ் ஆள்தான்."

"எங்க ஆபீஸா? எங்காளுங்க ஒருத்தன் கையிலயும் லெட்டர் கிடையாதே மேடம்."

"இவர் வெச்சிருந்தாரே. டிஸ்மிஸ் லெட்டர்ல எல்லாம் கையெழுத்துப் போடற ஆபீசராம். கடைசியா ஒண்ணு தன் பேருக்கே போட்டு, சீல் வெச்சு, கையோட எடுத்துக்கிட்டு வந்துட்டார்."