பழைய நம்பருக்குப் போன ஓடிபியும் ஆவடிக்கு வந்து சேர்ந்த காரும்

அன்புமிக்க மாப்பிள்ளை சரவணக்குமார் அவர்களுக்கு,

ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் என் தம்பி அழகேசன் வீட்டிலிருந்து மாமனார் மனோகரன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை அனுசுயாவும் சௌக்கியம். பெட்டிக்குள் இருந்த துணிகள் மட்டும் இன்னும் காயவில்லை. மெல்போர்னில் நீங்களும் பவ்யாவும் நல்ல வெயிலோடும் நல்ல பசியோடும் இருக்க வேண்டுமென்று தினமும் நினைத்துக்கொள்கிறோம். போனிலேயே சொல்லிவிடலாமே, எதற்குக் கடிதம் என்று உங்களுக்குத் தோன்றும். போனில் நான் ஒரு விஷயத்தைப் பாதி சொல்லும்போதே நீங்கள் “சரிங்க மாமா, சரிங்க மாமா” என்று முடித்து வைத்துவிடுகிறீர்கள். இது அப்படி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை. முதலில் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் செய்த உதவி சாதாரண உதவி அல்ல. நீங்கள் நினைத்த மாதிரி எதுவும் நடக்கவில்லை என்பது வேறு.

சென்னையில் மழை கொட்டியதால் எங்கள் விமானத்தைப் பெங்களூரில் இறக்கிவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். காலை ஏழரை மணி. அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு அழகேசன் பணி ஓய்வு பெற்றுத் தொழிற்சாலை வாசலை விட்டு வெளியே வரவேண்டும். மாலை போட்டு, அலங்கரித்த காரில் உட்காரவைத்து, மேளத்தோடு வீட்டில் கொண்டுபோய் விடுவது அங்கே வழக்கம். அதற்குத்தான் நாங்கள் அவ்வளவு தூரம் பறந்து வந்தது. விமானக் கம்பெனிக்காரர்கள் “காத்திருங்கள்” என்றார்கள். எதற்கு, எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கும் “காத்திருங்கள்” என்றார்கள். வெளியே டாக்ஸிக்காரர்களிடம் போனால், சென்னையில் சவாரி கிடைக்காது, வெறும் வண்டியாகத் திரும்பி வரணும், அதனால் போக வர இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்கிறார்கள். கொட்டுகிற மழைக்கு அதிலும் ஒன்றரை மடங்கு. உங்கள் அத்தை அந்தத் தொகையைக் கேட்டுவிட்டு, “இதுக்கு விமானமே வாங்கிறலாம் போல” என்றாள். அப்போதுதான் உங்களைக் கூப்பிட்டேன்.

ஆபீஸ் வேலைக்கு நடுவே நீங்கள் பத்தே நிமிடத்தில் இணையத்தில் தேடி, வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு வழி வாடகை, நாமே ஓட்டிக்கொண்டு போய்ப் பூந்தமல்லியில் விட்டுவிடலாம், திரும்பும் செலவு கிடையாது என்று ஒரு காரைப் பதிவு செய்து கொடுத்தீர்களே, அந்த நிமிஷம் நான் அனுசுயாவிடம் சொன்னேன், “பார்த்தியா, மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்.” அவளும் ஒப்புக்கொண்டாள். சொன்னால் நம்புங்கள், ஒப்புக்கொண்டாள்.

அந்த வாடகைக் கம்பெனியின் கவுண்டரில் தமிழரசு என்று ஓசூர்க்காரர் ஒருவர், நல்ல மனுஷர். கார் தயாராகத்தான் நின்றது. “உங்க இந்திய நம்பருக்கு ஆறு இலக்கத்துல ஒரு ஓடிபி வந்திருக்கும், அதைச் சொல்லுங்க சார், சாவியைக் குடுத்துடறேன்” என்றார். என்னிடம் இந்திய நம்பரே கிடையாதே என்றேன். பதிவில் இருக்கிறதே என்று திரையைத் திருப்பிக் காட்டினார். பார்த்தால் அது என்னுடைய பழைய நம்பர். ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் விட்ட நம்பர். மாப்பிள்ளை, நீங்கள் உங்கள் போனில் இருந்த நம்பரைப் போட்டிருக்கிறீர்கள், உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அது விட்டுப்போன கதையை நான் உங்களிடம் சொன்னதில்லை.

எங்கள் அம்மா தவறியபோது நான் தனியாக ஓடிவந்தேன் அல்லவா, அப்போதும் விமானம் தாமதம். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. “ஒரு மணி நேரம் காத்திருக்கக் கூடாதாடா?” என்று எல்லோர் முன்னாலும் அழகேசனைக் கேட்டுவிட்டேன். “அம்மா நாலு வருஷம் காத்திருந்தாங்க, நீ வரல” என்றான் அவன். அவ்வளவுதான் பேச்சு. விமான நிலையத்திலேயே சிம்மைக் கழற்றி ஒடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு விமானம் ஏறினேன். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சே இல்லை. இந்த விழா அழைப்பிதழ்கூட அவன் மனைவி நம் பவ்யாவுக்கு அனுப்பியதுதான்.

சரி, நம்பர் இப்போது யாரிடம் இருந்தால் என்ன, கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று தமிழரசு தன் போனிலேயே போட்டுக் கொடுத்தார். ஒரு பெண்மணி எடுத்தார். நான் மிகுந்த பணிவோடு, “அம்மா, உங்களுக்கு இப்போ ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், அதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்ல முடியுமா?” என்றேன்.

“இன்னாது, ஓடிபியா? காலங்காத்தால வேற ஊடு கெடைக்கலியா ஒனக்கு? போன மாசம்தான் பக்கத்தூட்டு அக்காகிட்ட இப்டியே தேனா பேசி ஒர்த்தன் மொத்தத்தையும் உருவிகினு போனான். கொரலைப் பாத்தா பெரிய மனுசன் மாதிரி கீது, ஒயச்சு சாப்புடுய்யா!”

“ஐயோ, அப்படி இல்லம்மா, இது என்னோட பழைய நம்பர். என் பேர் மனோகரன்.”

அந்தப் பக்கம் குரல் சட்டென்று மாறியது.

“இன்னா பேரு சொன்னே? மனோகரனா? ஆவடில தம்பி கீறாரா ஒனக்கு?”

“ஆமாம்மா.”

“நீதானா அது! இன்னா ஆளுய்யா நீ? இந்த நம்பரு வாங்கின நாள்லேர்ந்து பொங்கலுக்குப் பொங்கல் அந்த மனுசன் போன் பண்றாரு. ‘மனோகரண்ணே, ஆவடிலேர்ந்து அழகேசன் பேசறேன்’ம்பாரு. ராங் நம்பரு சார்னு நானும் சொல்லிகினே கீறேன். ‘தெரியும்மா, இருந்தாலும் ஒரு தபா போட்டுப் பாத்தேன், நல்லா இருங்க’ன்னு வெச்சுருவாரு. ஒரு வருசமா ரெண்டு வருசமா? உயிரோட கீறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா நீ?”

மாப்பிள்ளை, எனக்கு அறுபத்தெட்டு வயது. பெங்களூர் விமான நிலையத்தில், முன்பின் தெரியாத ஒருவருடைய போனைக் காதில் வைத்துக்கொண்டு, கவுண்டரில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். தமிழரசு எதையோ புரிந்துகொண்டு உங்கள் அத்தைக்குத் தண்ணீர் கொடுப்பது போல நகர்ந்துபோனார். நானும் அந்த அம்மாளிடம் அழகேசன் ஓய்வு பெறுவது, நாலரை மணி, விமானம் வழி மாறியது, வாடகைக் கார் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“பெங்களூரு ஏர்போட்டுலயா கீறே? அட, எங்க ஊட்டுக்காரரும் அங்கதான் கீறாரு! விடியக்காலைல ஒரு பார்ட்டியை எறக்கிட்டு ரிட்டன் சவாரி மாட்டாம குந்திகினு கீறாரு. காலியா வர்றத்துக்கு ஒன்ன ஏத்திகினு வரட்டும். லைன்ல இரு.”

“ரொம்ப நன்றிம்மா. எதுக்கும் அந்த ஓடிபியையும்...”

“அத்த மட்டும் சொல்ல மாட்டேன்.”

அந்த அம்மாளின் பெயர் கன்னியம்மா, வீடு குமணன்சாவடி. கணவர் பூபாலன், சொந்தக் காரில் வெளியூர் சவாரி ஓட்டுகிறவர். கால் மணி நேரத்தில் அவர் வந்து பெட்டிகளை ஏற்றிவிட்டார். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். அவர் ஒரு தொகை சொன்னார். போனில் இருந்த கன்னியம்மா, “அதுல பாதி வாங்குனா போதும், மேல வாங்கினே, ராவைக்கு சோறு கெடையாது” என்றார். “சரி சார், பாதியே குடுங்க” என்றார் பூபாலன். நீங்கள் பதிவு செய்த காரைவிட இது மலிவு, ஆனால் நீங்கள் பதிவு செய்திருக்காவிட்டால் இது கிடைத்திருக்காது, ஆகவே இந்த மலிவும் உங்கள் கணக்கில்தான் சேரும். இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். வெளிநாட்டு லைசென்ஸோடு இங்கே ஓட்ட ஒரு சர்வதேச அனுமதிச் சீட்டு வேண்டுமாம். நீங்கள் இரண்டு மாதமாக நினைவுபடுத்தி வாங்கவைத்த சீட்டு உங்கள் வீட்டு மைக்ரோவேவ் மேல் பத்திரமாக இருக்கிறது. ஓடிபி கிடைத்திருந்தாலும் சாவி கிடைத்திருக்காது.

கிருஷ்ணகிரி வரைக்கும் ராஜ பயணம். வேலூர் தாண்டியதும் மழை பிடித்தது, ஸ்ரீபெரும்புதூர் வரும்போது டிரைவர் பக்கத்து வைப்பர் இரண்டு தரம் ஆடிவிட்டு நின்றுபோயிற்று. எதிரே லாரி வருகிறதா மலை வருகிறதா தெரியவில்லை. பூபாலன் ஓரங்கட்டி, ஒரு காய்கறிக் கடையில் கால் கிலோ உருளைக்கிழங்கு வாங்கிவந்தார். பாதியாக வெட்டிக் கண்ணாடியில் தேய்த்தால் தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடுமாம். வழியத்தான் செய்தது, ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தேய்க்க வேண்டும். முன்சீட்டில் இருந்த உங்கள் அத்தை அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். விழாவுக்கென்று கட்டியிருந்த மயில்கழுத்துப் பட்டுப்புடவையோடு, ஒரு கையில் குடை, ஒரு கையில் உருளைக்கிழங்கு, வண்டி நிற்கும்போதெல்லாம் இறங்கித் தேய்த்துவிட்டு ஏறுவாள். மெல்போர்னில் காரில் சீட்பெல்ட் இறுக்குகிறது என்று குறை சொல்கிறவள்தான்.

குமணன்சாவடி வரும்போது நாலு மணி. வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. சாலை ஓரத்தில் குடை பிடித்தபடி ஓர் அம்மாள் கையைக் காட்ட, பூபாலன் கண்ணாடியை இறக்கினார். கன்னியம்மா. ஒரு தூக்குச்சட்டியில் எலுமிச்சம்பழச் சாதத்தை உள்ளே நீட்டிவிட்டு என்னையே உற்றுப் பார்த்தார்.

“இந்த மூஞ்சிக்குத்தான் இத்தினி வருசமா போனா? மொதல்ல தம்பிக்குப் புது நம்பரைக் குடு.” அப்புறம் கொஞ்சம் குரல் இறங்கி, “இனிமே பொங்கலுக்கு எனக்கு போன் வராது, இல்ல?” என்றார்.

உங்கள் அத்தை முந்திக்கொண்டு, “நான் பண்றேன் கன்னியம்மா” என்றாள். ஓடிபி கிடைக்காததற்கும் நான் நன்றி சொன்னேன். “சொல்லாதேன்னு மெசேஜ்லயே போட்டுக்கீதுல்ல, சொல்ல மாட்டேன்” என்றார்.

ஆவடிக்கு நேராகப் போகிற சாலையில் பருத்திப்பட்டுப் பக்கம் முழங்காலளவு தண்ணீர் என்று எதிரே வந்த ஆட்டோக்காரர் சொன்னதால், வேலப்பன்சாவடி போய்ச் சுற்றினோம். அங்கே கல்லூரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் விட்டு, பஸ்கள் வரிசை கட்டி நின்றன. மணி நாலே முக்கால். என் கையில் கடிகாரம் இருக்கிறதே என்று எரிச்சலாக வந்தது. திருவேற்காடு, அயப்பாக்கம், திருமுல்லைவாயில் என்று சந்துசந்தாகப் புகுந்து பூபாலன் ஓட்டினார். “நீ வேணா பாரு சார், தம்பி ஊட்டுக்குப் போயிருக்க மாட்டாரு” என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு நம்பிக்கையில்லை. இந்தத் தடவையும் எல்லாம் முடிந்த பிறகுதான் போய் நிற்கப்போகிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

தொழிற்சாலை வாசலில் நாங்கள் போய் நின்றபோது ஐந்தேகால். செக்யூரிட்டி கொட்டகையில் பத்திருபது பேர், மேளக்காரர்கள், நனைந்த பலூன்கள். அலங்காரக் கார் அம்பத்தூர்ப் பக்கம் தண்ணீரில் நின்றுவிட்டதாம். எங்கள் காரைப் பார்த்ததும் மாற்று வண்டி வந்துவிட்டது என்று கூட்டம் ஓடிவந்து பானெட்டில் பலூன்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டது. நான் கதவைத் திறப்பதற்குள் அந்தப் பக்கக் கதவு திறந்து, இடுப்பளவு ரோஜா மாலையோடு ஓர் ஆள் உள்ளே தள்ளப்பட்டான். மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்தண்ணீர்.

“கொஞ்சம் நகந்து உக்காருங்க சார், மாலை நசுங்குது.”

ஏழு வருஷத்துக்குப் பிறகு என் தம்பி என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பினான். மேளம் ஆரம்பித்துவிட்டது. அவன் பார்த்தான், நானும் பார்த்தேன்.

“வந்துட்டியாண்ணே?”

“லேட்டாயிருச்சுடா.”

“இல்லண்ணே. நானே இப்பத்தான் வெளிய வந்தேன்.”

முன்சீட்டில் உங்கள் அத்தை உருளைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். பூபாலன் மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் குவார்ட்டர்ஸ் வரை ஓட்டினார். அதற்குத் தனியாக ஒரு பைசா வாங்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் இருந்துவிட்டுப் போனார். மறுநாள்தான் அழகேசன் மனைவி சொன்னாள். நாங்கள் பெங்களூரில் இறங்கிக் கிளம்பிவிட்டோம் என்று பவ்யா சொன்னதை அவள் அவனிடம் சொல்லியிருக்கிறாள். நாலரைக்கே வெளியே வந்துவிட்டானாம். நண்பர்கள் ஆட்டோ கொண்டுவந்தார்கள், ஒருவர் தன் வண்டியில் விடுகிறேன் என்றார், எதிலும் ஏறவில்லை. “இன்னும் கொஞ்சம் பார்ப்போம்” என்று முக்கால் மணி நேரம் மாலையோடு நின்றிருக்கிறான். எல்லோரும் அவன் அலங்காரக் காருக்குக் காத்திருப்பதாக நினைத்திருக்கிறார்கள்.

ஆகவே மாப்பிள்ளை, அந்தப் பழைய நம்பரை நீங்கள் போட்டதற்கு என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை. சரியான நம்பரைப் போட்டிருந்தால் எங்கள் கதை என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் நெல்லும் சொல்லும் குறையாமல் இருக்கட்டும். போகிற வழியெல்லாம் உங்களுக்கு நல்ல மனுஷர்கள் எதிர்ப்படட்டும். அழகேசன் உங்கள் இருவருக்கும் தன் ஆசிகளைச் சொல்லச் சொன்னான், பக்கத்தில் நின்று எழுத்துப்பிழையும் பார்க்கிறான்.

இப்படிக்கு,
உங்களுக்கு என்றும் கடன்பட்ட மாமனார்,
மனோகரன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது பவ்யா போன் செய்தாள். நம்பரைத் தப்பாகப் போட்டது தெரிந்தால் உங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்று பயந்து, நீங்கள் பதிவு செய்த காரில்தான் வந்தோம், நானே ஓட்டினேன், பிரமாதமான கார் என்று சொல்லிவிட்டேன். எனவே மேலே எழுதிய எதுவும் நடக்கவில்லை. தயவுசெய்து படித்தவுடன் கிழித்துவிடவும். அவள் கேட்டால் கார் வெள்ளை நிறம். சிவப்பு என்று உங்கள் அத்தை சொல்லியிருக்கிறாளாம். அதை நீங்கள்தான் எப்படியாவது சமாளிக்க வேண்டும்.