மாப்பிள்ளையின் பட்டம்

'பெறுநர் தந்த முகவரியை எழுத்து மாறாமல் எழுத வேண்டும்.' தபால் அனுப்புவதில் முதல் விதி இது. கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்த காலத்தில் இதை மீறிய எழுத்தர்களுக்கு மெமோ கொடுத்திருக்கிறேன். (ஒருவர் அழுதேவிட்டார்.) ஓய்வுபெற்ற பிறகு நானே மீறினேன். மெமோ கொடுக்க மேலதிகாரி இல்லை, மனைவி இருந்தாள்.

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் மகள் உமாவுக்கு வளைகாப்பு. என் மனைவி கோமதிக்கு விசா கிடைக்கவில்லை. "நீ வர முடியாட்டி என்னம்மா, நம்மூர்க் கண்ணாடி வளையலாவது வரட்டும்" என்று உமா போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கோமதி அதற்குப் பிறகு வெகுநேரம் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

உமாவின் கல்யாணத்துக்கு வாங்கிய அதே பாய் கடையில் வளையல் எடுத்தோம். ஒவ்வொன்றையும் கரிசல் காட்டுப் பஞ்சில் பொதிந்து கட்டிய பாய், "இது உடையணும்னா விமானமே விழுந்தாத்தான் உண்டு, அண்ணாச்சி" என்றார். பொட்டலத்தில் குறை இல்லை. முகவரியை எழுதியவன் நான்.

உமா வாட்ஸப்பில் அனுப்பிய முகவரியில் முதலில் மாப்பிள்ளை பெயர், பிறகு தெரு, பிறகு லெக்சிங்டன் என்ற ஊர். ஊருக்குப் பக்கத்தில் எம்.ஏ. என்று இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. எம்.ஏ. படித்தவன் நான், அதுவும் தபால் வழியில். மாப்பிள்ளை எம்.எஸ். கட்டிய புருஷன் என்ன படித்திருக்கிறான் என்பதுகூட மறந்துபோகுமா ஒரு பெண்ணுக்கு? பட்டத்தை ஊருக்குப் பின்னால் போடுவது அந்த நாட்டு வழக்கமாக இருக்கும் என்று இடத்தை மாற்றாமல் விட்டேன். பட்டத்தை மட்டும் எம்.எஸ். என்று திருத்தினேன்.

அடுத்து பின்கோடு. அது பூஜ்யத்தில் தொடங்கியது. எண்ணுக்கு முன்னால் நிற்கும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்பது கருவூலத்தில் பியூனுக்கும் தெரியும். அதையும் நீக்கினேன்.

"அவ எழுதுனபடியே எழுதிட்டுப் போங்களேன்" என்றாள் கோமதி. விதியை அறியாமலே விதியைச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

வளைகாப்புக்கு முந்தைய நாள் உமா கூப்பிட்டாள்.

"அப்பா, பார்சல் மிசிசிப்பில நிக்குது."

"அது ஆறுல்ல?"

"மாநிலமும் உண்டு. எம்.ஏ.ன்னா எங்க மாநிலம்ப்பா, மாசசூசெட்ஸ். எம்.எஸ்.ன்னா மிசிசிப்பி. அங்கனயும் ஒரு லெக்சிங்டன் இருக்காம்."

கோமதி என் கையிலிருந்து போனை வாங்கினாள். "ஒங்கப்பா படிச்ச படிப்புக்கு, வளையல் ஆத்தோட போகாம ஊர்ல நிக்குதேன்னு சந்தோசப்படு" என்றாள். மறுநாள் உமா அங்கே ஏதோ கடையில் வாங்கிய உலோக வளையல்களைப் போட்டுக்கொண்டாள். காணொளியில் கையை ஆட்டிக் காட்டினாள். கண்ணாடி வளையலின் சத்தம் அதில் வரவில்லை. கோமதி என்னோடு பேச ஆரம்பித்தது பேத்தி பிறந்த அன்றுதான்.

பேத்திக்கு நாங்கள் வைத்த பெயர் வேறு. வீட்டில் கூப்பிடுவது மிசிசிப்பி. எனக்குப் பெயர் எம்.ஏ. ("எம்.ஏ., காபி ஆறுது.")

பேத்திக்குக் காது குத்த உமா ஊருக்கு வந்திருந்தாள். மாமன் மடியில் குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தபோது தபால்காரர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே வளையல்கள், பஞ்சு கலையாமல். கூடவே மிசிசிப்பியிலிருந்து ஒரு அம்மாள் எழுதிய கடிதம். பெட்டியைத் தவறிப் பிரித்துவிட்டாராம். "எங்கள் ஊரும் கறுப்பு மண்ணும் பருத்தியுமான பூமிதான், பஞ்சைப் பார்த்ததும் பிரியமாகிவிட்டது" என்று எழுதியிருந்தார். உடனேதான் அனுப்பியிருக்கிறார். ஆனால் அனுப்புநர் முகவரியில் தமிழ்நாட்டை நான் டி.என். என்று சுருக்கியிருந்தேன். இந்தியா என்று எழுதவில்லை. (கோவில்பட்டியைத் தெரியாதவர் உண்டா?) அவரும் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதிவிட்டார். அவர்கள் நாட்டில் டி.என். என்றால் டென்னசி. பெட்டியின் மேல் டென்னசி முத்திரைகளுக்கே இடம் போதவில்லை. கடைசியில் யாரோ ஓரத்தில் இந்தியா என்று பேனாவால் எழுதியிருந்தார்கள்.

கோமதி உமாவை மணையில் உட்காரவைத்து வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். சத்தம் கேட்டுக் குழந்தை அழுகையை நிறுத்தியது.

கோமதியின் மெமோவுக்குப் பதில் வந்து சேர்ந்த தேதி: மிசிசிப்பிக்குக் காது குத்திய அன்று.