விடுதலைக் குழுவும் என் மகளின் தூக்கமும்

மனித குலத்தின் விடுதலை எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில்தான் பிறந்தது. நம்பாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கலாம். காதில் இருக்கும் பஞ்சை எடுத்துவிட்டுப் பதில் சொல்வார்.

குழுவை நிறுவியவர் என் மாப்பிள்ளை. கிதார் அவர்; ட்ரம், மொட்டை என்கிற அவர் நண்பன்; பாட்டு, நோஞ்சான் என்கிற இன்னொருவன். காது கிழியக் கத்தும் ஹெவி மெட்டல் பாட்டுக் குழு, அதுவும் சுயேச்சையானது. "நாங்க யாருக்கும் அடங்க மாட்டோம் மாமா" என்றார் மாப்பிள்ளை. கொட்டகையும் கரண்டும் என்னுடையவை, சோறு என் மகள் சம்பாதிப்பது. மற்றபடி முழுச் சுயேச்சை.

முதல் பொதுக்குழுவில் 'எலும்புச் சங்கிலி' என்ற பெயர் ஏகமனதாக நிறைவேறியது. அடுத்ததில் கறுப்புப் பனியன். அதற்கடுத்து, குளிப்பது ஆதிக்கத்துக்கு அடிபணிவதாகுமா என்று ஆராய்ந்து முடிவை ஒத்திவைத்தார்கள். அந்த விஷயம் இன்னும் நிலுவையில் நாறிக்கொண்டிருக்கிறது.

ஒரே குறை, நோஞ்சானுக்குக் கோபம் வராது. 'உலகே, கொதி!' என்று அவன் கத்தினால் அடுப்பில் வைத்த பால்கூடக் கொதிக்காது.

என் மகள் நர்ஸ். இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டுக் காலையில் வந்து படுப்பாள். அப்போதுதான் இவர்களுக்கு ஒத்திகை. வேலையில் தூங்கி விழுந்ததற்கு மேலிடத்தில் கடைசி எச்சரிக்கை வாங்கி வந்த அன்று, கொட்டகைக் கதவை உதைத்துத் திறந்தாள்.

"நிறுத்துங்கடா! மனுஷி தூங்க வேணாமா? நிறுத்துங்கடா!"

அந்த 'டா'வில் மாப்பிள்ளையும் அடக்கம். ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.

மொட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணி, இதாண்ணி நாங்க தேடின குரல்!"

அந்த அலறலைச் சுற்றிக் கிதாரைப் போட்டுப் பாட்டாக்கி வெளியிட்டார்கள். 'உழைக்கும் மக்களின் உண்மையான கோபம்' என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதினார்கள். ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். குழு சுற்றுப்பயணம் போனது.

வீடு வீடானது. என் மகள் தூங்கினாள். கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு மறைந்து, சாப்பிடும்போது சிரிக்கக்கூடச் செய்தாள்.

திரும்பி வந்த மாப்பிள்ளை, பெட்டியைக்கூட இறக்காமல் அவள் முன்னால் மைக்கை நீட்டினார்.

"அடுத்த பாட்டு. அதே மாதிரி ஒரு வாட்டி கத்தும்மா."

கத்தினாள். பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி இருந்தது.

"இன்னும் கொஞ்சம் வெறியோட..."

"வர மாட்டேங்குதுங்க. நல்லா தூங்கிட்டேன்ல."

அவசரப் பொதுக்குழு கூடியது. கதவோரம் நின்று கேட்டேன்.

"கலை முக்கியமா, தூக்கம் முக்கியமா?" என்றான் நோஞ்சான். எல்லாக் கைகளும் கலைக்கே உயர்ந்தன. தூங்குகிறவளுக்கு வாக்கு இல்லை.

தீர்மானம் உடனே அமலுக்கு வந்தது. ட்ரம்மைக் கொட்டகையிலிருந்து தூக்கி வந்து என் அறையில் வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தலைமாடு.

"இங்க எதுக்கு மாப்ளே?"

"இங்கதான் மாமா சத்தம் நல்லா கேக்கும்."

கலைஞன் தன் ரத்தத்தைக் கொடுத்துப் பாடுவான் என்கிறார்கள். எங்கள் விடுதலைக் குழு சிக்கனமானது. சம்பாதித்துப் போடுகிறவள் வீட்டிலேயே இருக்கும்போது, சொந்த ரத்தத்தை யார் செலவு செய்வார்கள்?