தேன்மொழியின் மணி

பிறர் நேர்மையை ஐயுற்று முழங்குவோர், முதலில் தம் முதுகுப்புறத்தைத் திரும்பிப் பார்த்துக்கொள்வது நலம். இவ்வுண்மையை நான் நூல்களில் கற்றேனல்லேன். ஓர் ஆட்டிடம் கற்றேன்.

அறுபதுகளின் இறுதியில் திருவொற்றியூரில் தமிழாசிரியனாக இருந்தேன். மகள் மங்கை வளர்த்த வெள்ளாட்டுக்குத் தேன்மொழி எனப் பெயர் சூட்டியவன் நானே. (அதன் குரலைக் கேட்டவர்கள் என் புலமையை ஐயுற்றார்கள்.) வண்ணாரப்பேட்டையில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபெயர நேர்ந்தபோது, ஆடு மாடியேறக் கூடாதென்று வீட்டுக்காரர் விதித்துவிட்டார். மங்கை உண்ண மறுத்தாள்.

"வெட்டாத வீடாப் பாத்துக் குடுப்பேன்னு சொல்லுங்கப்பா!"

சொல்லிவிட்டேன். ஆனால், கேட்டு வந்தவர் எவரும் தேன்மொழியின் முகத்தைப் பார்க்கவில்லை, தொடையையே பார்த்தார்கள். இறுதியில் இராயபுரத்துச் சூசை அகப்பட்டார். துறைமுகத்தில் பளுதூக்கும் பொறி ஓட்டுபவர். அவர் மனைவி பிலோமினா அப்போது நிறைசூலி, ஆடும் சினை.

"இவ்வுயிருக்கு ஊறு செய்யேன் என உறுதி கூறுங்கள்" என்றேன்.

"இன்னா சார், கோர்ட்டு கணக்கா கேக்குற? மாதா மேல ஆணையா வெட்ட மாட்டேன், போதுமா?"

மங்கை கட்டிய பித்தளை மணி குலுங்கத் தேன்மொழி சென்றது.

சில மாதங்கள் கழித்துச் சூசையின் குழந்தைக்கு ஞானஸ்நானம், விருந்துக்கு அழைப்பு. வாயிலிலேயே கறிமணம். பந்தலோரம் பெரிய அண்டாவில் பிரியாணி. ஆடு கட்டும் முளைக்குச்சி வெறுமையாக நின்றது. உள்ளே, தொட்டில் கயிற்றில் மங்கையின் மணி ஆடிக்கொண்டிருந்தது!

பந்தி நடுவே நின்று முழங்கினேன்:

"அன்னைமீது ஆணையிட்டீரே! அடைக்கலம் புகுந்த உயிரை அண்டாவில் இட்டீரே! என் மகளுக்கு இனி எம்முகம் காட்டுவேன்?"

வாய்க்குப் போன கவளங்கள் வழியிலேயே நின்றன. பாதிரியார் தண்ணீர்த் தம்ளரைக் கீழே வைக்க மறந்தார். யாரோ பின்னாலிருந்து என் துண்டைப் பற்றி இழுத்தார்கள். அமைதிப்படுத்த முயல்கிறார்கள் போலும் என்றெண்ணி, திரும்பாமலே கர்ஜித்தேன்:

"விடுமின்! கொலைபுரிந்த கை என் மேலாடையைத் தீண்டலாகாது!"

"கை இல்ல சார், வாயி" என்றார் சூசை மெல்ல. "துண்ணுகினு கீது. திரும்பிப் பாரு."

திரும்பினேன். சரிகைத் துண்டின் பாதி தேன்மொழியின் வாய்க்குள் இருந்தது. மீதிக்காக அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிலோமினா குழந்தையோடு வந்தார். "பந்தல் பூவ துண்ணுதுன்னு பக்கத்து வூட்டாண்ட கட்டினேன், அறுத்துகினு வந்துட்ச்சு. எனக்குப் பாலே ஊறல சார். இது பாலுலதான் கொயந்த பொயச்சுது. மணி சத்தம் கேட்டா பால் வருதுன்னு அழுவறத நிறுத்துது. அதான் தொட்டில்ல கட்டுனேன். இத்தப் போயி வெட்டுவமா?"

துண்டின் மீதியை மெல்ல இழுத்துப் பார்த்தேன். தேன்மொழி விடவில்லை.

"இன்னும் நாலு வார்த்த பேசு வாத்தியாரே, மீதித் துண்டயும் முடிச்சுடும்" என்றார் பந்தியில் ஒருவர்.

அக்குழந்தைக்குத் திருமணம் நடந்தபோது தேன்மொழி மறைந்து நெடுங்காலமாகியிருந்தது. ஆயினும் பந்தல் வாயிலில் எவர் வீட்டு ஆடோ ஒன்று மாலையுடன் நின்றது. என்னைக் கண்டதும் சூசை உரக்கக் கூவினார்:

"சாரு வந்துட்டாரு! மொதல்ல ஆட்டக் காட்டு, அப்பால எல போடு!"

நான் துண்டை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பந்தியில் அமர்ந்தேன்.