ஆட்சேபணை அக்கா

உத்திரமேரூர் பக்கம் கணக்கெடுக்கப் போன எங்களில், 'ஆட்சேபணை அக்கா'விடம் திட்டு வாங்காதவர் ஒருவரும் இல்லை. பெயர் வைத்தவர்கள் நாங்கள்தான். பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராக நடவுக்குப் போகிறவர். கழனிக்காரரிடம் பேசுவதும் அவர்தான், முதல் ஆளாகச் சேற்றில் இறங்குவதும் அவர்தான்.

ஒரே குடும்பங்களிடம் சில வருடங்களுக்கு ஒருமுறை போய், யாருக்கு என்ன தொழில் என்று கேட்பது எங்கள் வேலை. அக்காவின் பழைய பதிவுகளை அவரிடமே நான் வாசித்துக் காட்டியதுதான் வம்பு. முதல் சுற்றில் விவசாயக் கூலி. அடுத்ததில் விவசாயி; அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. கடைசியாக, 'வேலை செய்யாதவர்'.

"வேல செய்யாதவளா? யார் சொன்னது?"

பதிலளித்தவர் என்ற இடத்தில் அவர் கணவர் பெயர் இருந்தது. கட்டிலில் படுத்திருந்த கணவர் எழுந்து, ஆட்டைப் பார்க்கக் கொல்லைப்பக்கம் போனார். அவர்களிடம் ஆடு இல்லை.

"அந்தாளு சொன்னா எழுதிக்கினு போயிடுவியா? உன் பொட்டியில எனுக்கு இன்னா பேரு கீது, பாரு."

கையிலிருந்த டேப்லெட்டில் தேடினேன். சுற்றுக்குச் சுற்று தொழில் பட்டியல் மாறியிருந்தது. ஆள் சேர்த்துத் தானும் நடுகிறவருக்கு மட்டும் எதிலும் இடமில்லை. 'இதர வேலை' என்று போடவா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அச்சில் போட முடியாது. கடைசியில் விவசாயக் கூலி என்று பதிந்தேன். எங்கள் மேற்பார்வையாளரோ, போன சுற்றோடு ஒத்துப்போகவில்லை என்று அதை மறுபடியும் 'வேலை செய்யாதவர்' ஆக்கிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் கழனியிலிருந்து நேராக, முழங்கால் சேற்றோடு பதின்மூன்று பெண்கள் எங்கள் அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். மேற்பார்வையாளர் விதிகளை விளக்கினார். அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நாங்க வேல செய்யலன்னா, மத்தியானம் நீ துன்ன சோறு எங்கேர்ந்து வந்தது சார்?"

பதிவைத் திருத்த மேற்பார்வையாளர் ஒப்பவில்லை. குறிப்பு எழுதும் கட்டத்தை மட்டும் திறந்துவிட்டார். அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டினேன்: 'நடவு மேஸ்திரி. முன்னே எழுதினது பொய்.'

குறிப்புகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்த வேலையையும் விட்டுவிட்டேன். ஆனால் நடவுக் காலத்தில் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் ஜன்னலோரம்தான் உட்காருவேன். கழனியில் யாரையாவது அவர் திட்டுகிற சத்தம் காதில் விழுந்துவிட்டால், அன்றைக்கு எனக்கு அது போதும்.