பதினேழரைப் படி

ஏழாம் வகுப்பை நான் இரண்டு முறை படித்தவன். இரண்டு முறையும் ஏழாம் வகுப்புக்கு என்னைப் பிடிக்கவில்லை. மூன்றாம் முறை அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே ஒதுங்கிக்கொண்டேன். ஆனால் யாராவது கேட்டால் "பத்தாவது பாஸ்" என்பேன். (பத்து என்பது சொல்லவும் சுலபம், விரல்களும் சரியாக அதோடு முடிகின்றன.) பொய்யில் ஒரு சங்கடம் உண்டு. சொன்ன இடத்தோடு அது நிற்காது. என்றைக்காவது ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நம் மூக்குக்கு முன்னால் நீட்டி, "இதை நிரப்பு" என்று சொல்லும்.

எனக்கு அந்தக் காகிதத்தை நீட்டியது என் அக்கா மகள் ஜூலி. அப்போது அவளுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு.

எண்பத்தாறோ எண்பத்தேழோ, சரியாக நினைவில்லை. நான் ஐந்து வருடம் ஊர் சுற்றிவிட்டு, சென்னைக்குப் பக்கத்தில் பாடியில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தேன். விஜயவாடா லாரியில் கிளீனர், ஹூப்ளி ஓட்டலில் தட்டு கழுவுபவன், பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றுபவன் என்று பல வேலை பார்த்திருந்தேன். எதிலும் மூன்று மாதம் தாண்டியதில்லை. ராட்டினத்திலாவது ஏறியவர்கள் இறங்கும்வரை நிற்க வேண்டும். நான் அதற்கு முன்பே ஒருநாள் கிளம்பிவிட்டேன். சாப்பாடு சில நாள் இருந்தது, சில நாள் இல்லை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இல்லாத நாளில் சீக்கிரம் தூங்கிவிட்டால் போதும்.

மச்சான் அந்தோணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அவர் என்னை ஒரு வாரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு காலையில், சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"மாப்ளே, எங்க கம்பெனில ஆளு எடுக்கறாங்க. சூப்பர்வைசர்கிட்ட சொன்னா ஆவும். ஆனா நீ ரெண்டாம் நாளே கம்பிய நீட்டிட்டா என் மூஞ்சில யாரு முழிப்பான்? ஒரே ஒரு நாளு, காலைலேர்ந்து சாயங்காலம் வரிக்கும், ஊட்ட உட்டு எங்கியும் போவாம இருந்து காட்டு. அப்பால பேசறேன்."

அந்த ஒரு நாள் மறுநாளே வந்தது. வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கு எங்கோ பயிற்சி என்று பிள்ளைகளுக்கு விடுமுறை. சும்மா விடாமல், வீட்டில் செய்யச் சொல்லி ஆளுக்கொரு தாளும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அக்கா ரோஸ்லின் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனிக்குப் போகிறவள். அவளுக்கு லீவு கிடையாது. ஜூலியையும், ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஜான்சனையும் என்னிடம் ஒப்படைத்தாள்.

"டேய், பசங்கள பாத்துக்கோ. அந்தப் பேப்பர முடிச்சி வை. நாயித்துக்கெழம ஜூலிக்குப் புதுநன்ம. நாப்பது பேரு சாப்புட வராங்க. ஊட்டக் குப்ப பண்ணிடாதீங்க" என்றாள். (புதுநன்மை என்றால் பிள்ளைகள் மாதா கோயிலில் முதல் முறையாக நற்கருணை வாங்கும் நாள்.) பிரியாணிக்கென்று சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்த சீரகச் சம்பா ஒரு பெரிய டின்னில் இருந்தது. பக்கத்தில் ரேஷன் அரிசி மூட்டை, துவரம் பருப்பு, உளுந்து. அதை எல்லாம் கண்ணாலேயே எனக்குக் காட்டிவிட்டுப் போனாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். ஊதா மசியில் சைக்ளோஸ்டைல் எடுத்தது. தலைப்பு 'வீட்டில் கற்போம்'. ஐந்து வேலைகள். எல்லாவற்றுக்கும் அடியில், 'உதவியவர் பெயர், படிப்பு, கையொப்பம்.'

அந்த நடு வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு லேசாக வேர்த்தது.

முதலில் சுலபமானதை முடித்தோம். ஐந்து வகை இலை பறித்து வர வேண்டும். முருங்கை, வேம்பு, குப்பைமேனி, கறிவேப்பிலை, அகத்தி. பறித்துத் தரையில் பரப்பியாயிற்று. அடுத்தது, 'உன் நிழலை அளந்து எழுதுக.' ஜூலியுடையதை அளந்துவிட்டோம். ஜான்சன் ஓரிடத்தில் நின்றால்தானே அவன் நிழல் நிற்கும்? அதை உத்தேசமாக எழுதினோம். (தாய்மாமன் ரத்தம். நான் யாரைக் குறை சொல்ல?)

பிறகுதான் முதல் கேள்விக்கு வந்தோம். 'உங்கள் வீட்டில் எத்தனை படி? எண்ணி எழுதுக. பக்கத்து வீட்டோடு ஒப்பிடுக.'

"படின்னா ஏறி எறங்கறதுதானே மாமா?" என்றாள் ஜூலி.

"நம்ம ஊட்ல எங்க கீது ஏறி எறங்கறதுக்கு?"

உண்மைதான். அது ஆறு குடித்தனம் வரிசையாக இருக்கும் ஓட்டு வீடு. வாசலுக்கும் தெருவுக்கும் ஒரே மட்டம். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து, கட்டிலடி வரை பார்த்துவிட்டுப் போகும்.

"அப்ப பூஜ்யம்னு எழுதிடலாமா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பூஜ்யமா? உங்கப்பா ராவும் பகலும் மெஷின்ல நிக்கறாரு, உங்கம்மா மெஷின்ல குந்திகினு தைக்கறா. இந்த ஊட்டப் பத்தி ஸ்கூல்ல போயி பூஜ்யம்னு சொல்லுவியா? நல்லா யோசி. டீச்சரு இல்லாதத கேப்பாங்களா?"

"அப்ப இன்னா படி மாமா?"

"அளக்கற படிடி! அரிசி அளக்கறது!"

எண்ணினேன். வீட்டில் இருந்தது ஒரே ஒரு பித்தளைப் படி. இதற்கா ஒரு பள்ளிக்கூடம் தாள் அடித்துக் கொடுக்கும்? சந்தேகத்துக்கு, பக்கத்துக் குடித்தனம் கன்னியம்மாவிடம் வாசலில் நின்றபடியே கேட்டேன்.

"எக்கா, உங்க ஊட்ல எத்தினி படி கீது?"

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா, கடனுக்கு அரிசி வோணுமா? அரைப்படி கூடத் தேறாது நைனா. ரேஷன்ல இன்னும் போடல."

எனக்கு மூளையில் விளக்கு எரிந்தது. பார்த்தீர்களா? எத்தனை படி என்றால் விவரம் தெரிந்தவர்கள் பாத்திரத்தை எண்ணமாட்டார்கள், உள்ளே இருக்கும் சரக்கைத்தான் சொல்வார்கள். ஆக, வீட்டில் உள்ள தானியத்தை எல்லாம் அளந்து பார்ப்பதுதான் கணக்கு. இந்தக் காலத்துப் படிப்பு எவ்வளவு முன்னேறிவிட்டது என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டினேன்.

ஜூலி தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் பெரியவர்களை எதிர்த்துப் பேசாத பிள்ளை.

என் வேலை முறையாகவே நடந்தது. அதை இன்றும் சொல்வேன். பாயை விரித்து, அதன்மேல் அக்காவின் பழைய புடவையை விரித்து, நாலு மூலைக்கு நாலு குவியல். சீரகச் சம்பா ஒரு மூலை, ரேஷன் அரிசி ஒரு மூலை, துவரை ஒன்று, உளுந்து ஒன்று. எண்ணிக்கை தவறிவிடக் கூடாது என்று வாயால் உரக்கச் சொல்லிக்கொண்டே அளந்தேன். "லாபம்… ரெண்டு… மூணு…" (முதல் படியை ஒன்று என்று சொல்லக் கூடாது, லாபம் என்று சொல்ல வேண்டும். இது எனக்கு ஒரு லாரி டிரைவர் சொல்லிக்கொடுத்தது. அன்றைக்குக் கிடைத்த லாபம் அந்த ஒரு சொல்தான்.)

பதினைந்தைத் தாண்டும்போது மூலையிலிருந்து ஜூலி கேட்டாள், "மாமா, கீழ எழுதணும். நீ இன்னா படிச்சிகீறே?"

என் காதில் 'படி' மட்டும்தான் விழுந்தது. கடைசி உளுந்தைத் தட்டிக் கொட்டிவிட்டு, "பதினேழர!" என்று கத்தினேன்.

அவள் எழுதிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் ஜான்சனைக் காணவில்லை என்பதைக் கவனித்தேன். தரையில் பரப்பியிருந்த ஐந்து இலையில் அகத்தியையும் காணவில்லை. வாசலைப் பார்த்தேன். ஜான்சன் அகத்திக் கொத்தை நீட்டியபடி பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தான். அவனுக்கு எதிரே, அந்தக் கொத்தை முகர்ந்தபடி, கன்னியம்மாவின் ஆடு ராணி.

"மாமா, ராணி இந்த எலையத் துன்னுது பாரேன்!"

வாசலில் ஒரே ஒரு படி இருந்திருந்தால் ராணி ஒரு நொடி யோசித்திருக்கும். தெருவும் வீடும் ஒரே மட்டம். அது சொந்த வீட்டுக்கு வருவதுபோல் வந்தது. வந்ததும் அகத்தியை மறந்துவிட்டது. எந்த ஆடாவது அதன் வாழ்நாளில் இப்படி ஒரு புடவையைப் பார்த்திருக்குமா? முதலில் துவரையில் வாயை வைத்தது.

நான் "ஹேய்!" என்று பாய்ந்தேன். அது உளுந்து வழியாக ஓடியது. நான் சீரகச் சம்பா வழியாகக் குறுக்கே போனேன். ஜான்சன் பயந்து, புடவையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். ஜூலி "மாமா, உடு! நீ உட்டா அது தானா போயிடும்!" என்று கத்தினாள். அவள் சொன்னதுதான் சரி. நான் விடவில்லை. ராணி இரண்டு சுற்று, நான் மூன்று சுற்று. மூன்றாவதில் வழுக்கி விழுந்து, கையையும் காலையும் வீசி எல்லாவற்றையும் நன்றாகக் கிளறிவிட்டேன். ஆடு ஒரு வாய் உளுந்தோடு நிதானமாக வெளியேறியது.

எழுந்து பார்த்தேன். நாலு குவியல் இல்லை. ஒரே குவியல். அதில் ஏழெட்டு ஆட்டுப் புழுக்கை.

சாயங்காலம் அக்கா வந்தபோது கன்னியம்மாவும் இன்னும் மூன்று குடித்தனத்துப் பெண்களும் முறம், சல்லடையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுவில்.

"இன்னாடா இது?" என்றாள்.

"பாடம்க்கா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பையை வைத்துவிட்டு, குவியலில் ஒரு கை அள்ளி, விரல் வழியே விட்டுப் பார்த்தாள். "நாப்பது பேரு வராங்கடா" என்று மட்டும் சொன்னாள். ஐந்து வருடத்தில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். இந்த அளவுக்கு ஒருவரும் திட்டியதில்லை.

பருப்பு வகை சல்லடையில் ஓரளவு பிரிந்தது. இரண்டு அரிசியும் பிரியமாட்டேன் என்றன. சனிக்கிழமை காலை உட்கார்ந்தவன் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு மணியாக சீரகச் சம்பாவைப் பொறுக்கினேன். ஒரு டம்ளர் சேர்ந்தது. கன்னியம்மா எட்டிப் பார்த்து, "இந்த வேகத்துல போனா ஜூலிக்குக் கல்யாணமே ஆயிடும் நைனா" என்றாள். "உங்க ஆட்டையே குழம்பு வெச்சிட்டா கணக்கு நேராயிடும்" என்றேன். அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சமைக்க பூந்தமல்லியிலிருந்து வந்த காதர் பாய் அரிசியை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்த்தார்.

"இது இன்னா அரிசிம்மா?"

"ரெண்டும்" என்றாள் அக்கா.

"ஒண்ணு வேகறதுக்குள்ள ஒண்ணு கொழஞ்சி பூடும். பிரியாணிய மறந்துடுங்க. கொழையறது கொழையட்டும்னு பருப்பையும் போட்டு, நெய் ஊத்தி, கறிக்கொழம்போட குடுத்துட்டா ஆச்சி. கேட்டா எங்க ஊரு பழக்கம்னு சொல்லுங்க."

கோயிலிலிருந்து ஜூலி வெள்ளைக் கவுனும் தலையில் பூ முடியுமாக வந்தாள். நாற்பது பேரும் வந்தார்கள். காட்டுப்பாக்கத்திலிருந்து வந்த மச்சானின் பெரியம்மா மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "இதுக்குப் பேரு இன்னா ரோஸ்லினு?" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். மூன்று நாளில் முதல் தடவையாக அவள் உதடு சிரிப்பில் கோணியது. "படிச்சோறு" என்றாள்.

திங்கட்கிழமை தாள் திருத்தி வந்தது. முதல் கேள்விக்கு ஜூலி எனக்குத் தெரியாமலேயே '0' என்று எழுதியிருந்தாள். அதற்குப் பெரிய சரி போட்டிருந்தார்கள். பக்கத்தில் 'கன்னியம்மா பெரியம்மா வீடு: 0. இருவரும் சமம்.' அதற்கும் சரி. கீழே 'உதவியவர் படிப்பு' என்ற இடத்தில் 'பதினேழரை' என்று இருந்தது. அதைச் சுற்றி மட்டும் டீச்சர் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டு, கேள்விக்குறி வைத்திருந்தார்.

மச்சான் அதை வாங்கிப் படித்துவிட்டு வெகு நேரம் சிரித்தார். சிரித்து முடித்து, "ஊட்ட உட்டுப் போவக் கூடாதுன்னேன், போவல. சனிக்கெழமையும் குந்தின எடத்துலியே குந்தினு இருந்தான். அது வரிக்கும் சரி" என்று அக்காவிடம் சொன்னார். மறுநாள் சூப்பர்வைசரிடம் அழைத்துப் போனார். "என்ன வேலைன்னாலும் குடுங்க சார், எண்ணுற வேல மட்டும் வோணாம்" என்று என் எதிரிலேயே சொன்னார். கேட்டில் நிறுத்தினார்கள். கேட்டைத் திறப்பது, மூடுவது. பதினொரு வருடம் நின்றேன். ஒரே இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டேன் என்று அக்கா சொல்லுவாள். லாரிகள் போக வர இருந்ததால் எனக்கும் பயணம் போகிற மாதிரியே இருந்தது.

அந்த வாரமே மச்சான் வாசலில் சிமெண்டால் ஒரு படி கட்டினார். ஆடு வராமலிருக்க. ராணி அதன்மேல் ஏறி சௌகரியமாகப் படுத்துக்கொண்டது. மழைத் தண்ணீர் மட்டும் கொஞ்சம் மரியாதை கற்றுக்கொண்டது.

தொண்ணூறுகள் முடியும்போது ஜூலியைப் பெண் பார்க்க ஆவடியிலிருந்து வந்தார்கள். அன்றும் படிச்சோறுதான். எங்கள் வீட்டு விசேஷம் எதுவும் அது இல்லாமல் நடப்பதில்லை. இப்போதெல்லாம் இரண்டு அரிசியையும் வேண்டுமென்றே வாங்கிக் கலக்கிறோம். மாப்பிள்ளையின் அப்பா ரயில்வேயில் இருந்தவர், விவரமான மனிதர். ஒவ்வொருவராக விசாரித்து, என்னிடம் வந்தார்.

"பொண்ணுக்குத் தாய்மாமனா? என்ன படிச்சிருக்கீங்க?"

பத்து என்று சொல்ல வாயெடுத்தேன். சமையல் கட்டு வாசலில் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி, குனிந்த தலை நிமிராமல் நின்ற கல்யாணப் பெண் எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டாள்.

"பதினேழரப் படி."